இருட்டினால் ரொட்டி இல்லை

அன்று அந்த மாடி அறையில் இருக்க வேண்டியவர்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டிய கட்டிலில், சுவரில் முதுகைச் சாய்த்தபடி, கோமதேஷ். கீழே விரித்திருந்த கோரைப்பாயின் ஒரு கோடியில், விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையைத் திண்டாக்கிக்கொண்டு, அவன் சிநேகிதி மணிமொழி. பாயின் மறுகோடியில், கதவுப் பக்கம், கோமதேஷின் தங்கை ஜினப்பிரியா. அவளுக்கு அடுத்து, வாசற்படியை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது அவர்களுடைய நண்பன் பிரசாந்தின் இடம். தளவானூரிலிருந்து அவன் வரும் பஸ் இன்னும் செஞ்சிக்கு வந்து சேரவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது.

ஜினப்பிரியா வழக்கமாகக் கட்டில் காலடியில்தான் உட்காருவாள்.

"இன்னாடி, இன்னிக்கு கதவாண்ட போயி உக்காந்துக்கினு இருக்குற? பாதியில ஓடிப்போவ பிளானா?" என்றாள் மணிமொழி.

"இங்கதான் காத்து வருது."

காற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் வந்தது. நாற்காலியில் உட்காரப் போகிறவனின் முகம் அந்த இடத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் மாறி உட்கார்ந்தாள்.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. பிரசாந்துக்குச் சர்க்கரை நோய் இருப்பது அந்தக் கடைக் கவுண்டரில்தான் அவளுக்குத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்துவிட்ட நோய். வாழ்நாள் பூராவும் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். முதலில் வேர்க்கும், கை நடுங்கும். அப்புறம் புத்தி தடுமாறும். அப்புறம் நினைவு தப்பும். அதற்கு அப்பால் அவள் நினைத்துப் பார்க்க மாட்டாள்.

ஊசி மருந்தை ஐஸ் பையில் வைத்துக் கொடுத்த அன்று அவன் கவுண்டர் மேல் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா இன்னா பண்ணுவான்? கேமை ஈஸில வெச்சிடுவான். மணிமொழி கையொடிஞ்சி வந்தப்ப வெச்சானே, அந்த மாதிரி. வேலை செய்யற எடத்துல பாத்துப் பாத்துப் பேசறானுங்க. வீட்ல பாத்துப் பாத்து சோறு போடறாங்க. ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் ஜினா என்னை எவனும் பாவம் பாக்காத எடம். சொல்லமாட்டன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன் பிரசாந்தண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று அவன் சொன்னது இந்த விளையாட்டைத்தான். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய டிவி; திரை நாலு கட்டமாகப் பிரிந்திருக்கும்; கட்டத்துக்கு ஒரு வீரன். சேற்றுக் காட்டையும் பேய்பிடித்த ஊர்களையும் தாண்டி, ஒரு இடிந்த கோட்டையில் குடியிருக்கும் சேற்றரக்கியைப் போய்க் கொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக நடந்துகொண்டே இருக்கிறார்கள். வழியெல்லாம் வென்றார்கள், வென்று வென்று சலித்தும் போனார்கள். காரணம் இதுதான்: ஒருவன் அடிபட்டு விழுந்தால் மற்ற மூவர் ஓடிவந்து அவன் வாயில் ரொட்டியையும் தேனையும் திணிப்பார்கள்; உடனே எழுந்துவிடுவான். நாலு பேர் ஒற்றுமையாக இருந்தால் அந்தக் கேமில் யாரும் சாக முடியாது.

கோமதேஷ் என்னென்னவோ செய்துபார்த்தான். அரக்கர்களின் பலத்தைக் கூட்டினான். "அடிக்கறதுக்கு நேரந்தான் ஆவுது, பயம் வர்ல" என்றான் பிரசாந்த். கத்தியை வீசிவிட்டுக் கம்போடு போனார்கள். அதுவும் பழகிவிட்டது. கடைசியில் ஒரு நாள், கோமதேஷ் பொழுது சாய்வதற்குள் அவசர அவசரமாக இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தபோது, அவனுக்கு அந்த யோசனை உதித்தது. அவர்கள் சமணக் குடும்பம். இருட்டிய பின் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ஜினப்பிரியாவும் நினைவு தெரிந்த நாளிலிருந்து இரவில் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. இதையே கேமுக்குள் கொண்டுபோனால் என்ன? ஜன்னலில் தெரியும் ராஜகிரி மலை உச்சியில் வெளிச்சம் போய்விட்டால் கேமில் எந்த வீரனும் ரொட்டி சாப்பிடக் கூடாது. யாராவது ஒருத்தன் சாப்பிட்டாலும் இரண்டு வருஷ ஆட்டத்தையே அழித்துவிட வேண்டும்.

"நம்ம எதைப் புடிச்சிக்கினு தொங்கறமோ அதைத்தான் எடுக்கணும். அரக்கிக்கு ரெண்டு தலை கூட வெச்சி இன்னா புண்ணியம்?" என்றான் கோமதேஷ். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பிரசாந்துக்குத்தான் ரொம்பவும் பிடித்தது.

அந்தக் குழுவில் விதி என்றால் அது தபாலில் போக வேண்டும். வாட்ஸப்பில் போட்டால் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிப் பொழுது விடிவதற்குள் கரைத்துவிடுகிறார்கள் என்று கோமதேஷ் செய்த ஏற்பாடு அது. காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, பெட்டியில் போட்டாயிற்று என்றால் அப்பீல் கிடையாது. மாற்ற வேண்டுமானால் இன்னொரு கடிதம் வர வேண்டும். எழுதுகிறவள் ஜினப்பிரியா. அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், உறைமேல் முகவரி என்று செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசை பிசகாமல் எழுதுவாள். இந்த விதியையும் அவள்தான் எழுதினாள். எழுதி முடிக்கும்போது கோமதேஷ் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னான்: "வெளிச்சம் போன பின் அறையிலும் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது. நிஜமாகவே பசிக்க வேண்டும்."

அந்த வரியை எழுதும்போது பேனா நின்றது. "இன்னாடி?" என்றான் அண்ணன். "ஒண்ணுமில்ல" என்று எழுதி முடித்தாள். ஊசி போட்டதும் அவன் எங்கள் வீட்டிலேயே வெளிச்சத்தில் சாப்பிட்டுவிடுவான், எப்போதும் அப்படித்தானே, பையில் மிட்டாயும் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த விதியோடு ஆடப்போகும் முதல் ஞாயிறு இது. பஸ்ஸோ வரவில்லை.

சூரியன் ராஜகிரியின் தோளில் உட்காரும்போது கீழே பிரசாந்தின் குரல் கேட்டது. ஜினப்பிரியா மாடிப்படி வரை ஓடினாள்.

"பஸ்ஸு வழியில பஞ்சரும்மா. ஸ்டெப்னி எடுக்கப் போனவன் டீ குடிச்சிட்டு வந்தான் போல."

"சாப்டியாப்பா?" என்றாள் அம்மா. "எங்களுக்கு ஆயிடுச்சி. பாத்திரமும் கழுவிட்டேன். தோ, அடுப்பை மூட்டி ரெண்டு தோசை ஊத்தறேன், இரு."

கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையும், ஜன்னலுக்கு வெளியே சிவந்துகொண்டிருந்த வானத்தையும் பிரசாந்த் பார்த்தான். "வோணாம்மா. சாப்ட்டுதான் வந்தேன்."

படியேறி வந்தவனை அவள் வழியிலேயே நிறுத்தினாள். "ஊசி?"

"பஸ்லயே போட்டுக்கினேன். டயத்துக்கு வந்துடுவோம்னு நெனச்சேன்."

"சாப்பாடு?"

"அதான் அம்மாகிட்ட சொன்னனே."

அவள் கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனான். உள்ளே கோமதேஷ் ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றான். "பாக்கெட்ல இருக்கறதெல்லாம் எடுங்க. செக்கிங்."

"இது என் உயிருடா, பத்திரம்" என்று மணிமொழி கடலை மிட்டாயைப் போட்டாள். பிரசாந்த் சட்டைப்பையிலிருந்து நாலைந்து மிட்டாய்களை எடுத்தான்.

"இன்னாடா எப்பப் பாத்தாலும் மிட்டாயி, பால்வாடிப் புள்ள மாதிரி?" என்றான் கோமதேஷ்.

பிரசாந்த் சிரித்துக்கொண்டே போட்டான். ஜினப்பிரியா வாயைத் திறந்தாள். அவன் ஒரு தரம் அவளைப் பார்த்தான். திறந்த வாய் மூடிக்கொண்டது. டப்பா கீழே சமையலறைக்குப் போய்விட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கோமதேஷ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "உச்சியில வெளிச்சம் போச்சி. இனிமே ரொட்டி இல்ல" என்றான்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். திரையில் இடிந்த கோட்டையின் படிகள், அடியில் சேறு, எங்கோ ஒரு மூச்சுச் சத்தம். முன்பெல்லாம் பாய்ந்து போகிற இடத்தில் இப்போது ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்த்துப் போனார்கள். ஒரு அம்பு பட்டாலும் பட்டதுதான். அந்தக் காயம் ஆறாது. மணிமொழியின் வீரன் ஒரு கையில் ரத்தத்தோடு நொண்டிக்கொண்டு வந்தான்.

"பையில பன்னெண்டு ரொட்டி வெச்சிக்கினு பட்டினி கெடக்கறான் பாரு, உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன் மாதிரி" என்றாள் அவள்.

ஜினப்பிரியா திரையைப் பார்க்கவேயில்லை. அவளுடைய வீரன் ஒரு தூணுக்குப் பின்னால் சும்மா நின்றான். பக்கத்து நாற்காலியில் பிரசாந்தின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் வேர்க்கிறதோ? பயத்திலும்தான் வேர்க்கும். இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாம். சொல்லிவிட்டால் இனிமேல் அவன் இந்த நாற்காலிக்கு வர மாட்டான். சொல்லாவிட்டால்? அவள் கை தன்னையறியாமல் பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தது.

பிரசாந்தின் வீரன் நேராகப் போய்ச் சுவரில் முட்டினான். பின்வாங்கவில்லை. முட்டிக்கொண்டே நடந்தான்.

"டேய், செவுத்துல போற" என்றான் கோமதேஷ். அப்புறம் திரும்பிப் பார்த்து உற்சாகமாகக் கத்தினான்: "ஏய், இவன் கையைப் பாருங்க, நடுங்குது! பயந்துட்டான்! இதான் எனக்கு வோணும், ரெண்டு வருசமா இதான் எனக்கு வோணும்!"

"எனக்குந்தான் நடுங்குது. ஒரு கடலை மிட்டாய் குடுத்தா நின்னுடும்" என்றாள் மணிமொழி.

சிரித்தார்கள். பிரசாந்த் சிரிக்கவில்லை. அவன் உதடு வெளுத்து, பார்வை திரைக்கும் அப்பால் எங்கேயோ நின்றது. ஜினப்பிரியா அவன் கையைத் தொட்டாள். மழையில் நனைந்த துணி மாதிரி சில்லென்று இருந்தது.

"பிரசாந்தண்ணா."

அவன் திரும்பக்கூட இல்லை.

அவள் எழுந்துவிட்டாள். "அண்ணா, நிறுத்து. இவருக்குச் சக்கரை எறங்கிடுச்சி."

"இன்னா சக்கரை?" கோமதேஷின் கண் இன்னும் அரக்கியின் மேல்தான் இருந்தது.

"சக்கரை நோவு! சின்ன வயசிலேர்ந்து இருக்குது. ஊசி போட்டுக்கினு சாப்பிடாம வந்து உக்காந்திருக்கறாரு. அம்மாகிட்ட சக்கரை டப்பா வாங்கிக்கினு வா, ஓடு!"

கோமதேஷ் அவளை ஒரு கணம் பேந்தப் பேந்தப் பார்த்தான். அப்புறம் கட்டிலிலிருந்து குதித்த வேகத்தில் ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. படியில் அவன் கால் இடறும் சத்தம், "அம்மா! அம்மா!" என்ற கத்தல்.

பிரசாந்த் மெதுவாகத் தலையைத் திருப்பினான். நாக்கு குழறியது. "சொல்லமாட்டன்னு சொன்னியே ஜினா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. நினைவு இருக்கும்போதே இனிப்பு உள்ளே போக வேண்டும்; நினைவு தப்பியபின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். கடையில் எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். "மணி, 108-க்குப் போன் பண்ணுடி" என்றாள். மணிமொழியின் விரல் பூட்டைத் திறக்க முடியாமல் போனில் தடுக்கித் தடுக்கி விழுந்தது.

அம்மாவே டப்பாவோடு ஏறி வந்தாள். ஜினப்பிரியா ஒரு ஸ்பூன் சர்க்கரையை அள்ளி அவன் உதட்டில் வைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். சர்க்கரை சட்டையெல்லாம் கொட்டியது.

"வெளிச்சம் போச்சி" என்றான் அவன், மிகவும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. "சாப்ட்டா அழிஞ்சிடும். ரெண்டு வருசம்."

"அது கேம்ல! இது நெஜம் பிரசாந்தண்ணா, வாயைத் தெறங்க!"

"அறையிலயும் கூடாதுன்னு போட்டிருந்தியே. உன் கையெழுத்துதான்."

கோமதேஷ் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். "டேய், நான் சொல்றன்டா. நான் வெச்ச ரூலு, நானே எடுத்துட்டேன். இப்பவே எடுத்துட்டேன். சாப்புடுறா."

பிரசாந்த் தலையை ஆட்டினான். இல்லை என்று ஆட்டுகிறானா, தானாக ஆடுகிறதா என்று தெரியவில்லை. "லெட்டர் வர்லயே" என்றான்.

கோமதேஷின் முகத்தில் ரத்தமே இல்லை. பிரசாந்தின் இமைகள் கீழே இறங்கத் தொடங்கின. அவன் விரல் மட்டும் கையிலிருந்த கருவியின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. திரையில் அவன் வீரன் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். "நீங்க யாரும் சாப்பிடல. நான் மட்டும் எப்பிடி..." என்று முனகினான்.

ஜினப்பிரியா அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க. என்னைப் பாருங்க." ஸ்பூனில் மறுபடியும் சர்க்கரையை அள்ளினாள். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஜினப்பிரியா அந்தச் சர்க்கரையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவனுக்குத் தெரியும்படி வாயைத் திறந்து நாக்கைக் காட்டினாள், மென்றாள், விழுங்கினாள்.

"நான் சாப்ட்டுட்டேன். ரூல் போச்சி. ஆட்டம் போச்சி. இனிமே எல்லாரும் சாப்பிடலாம்."

அவன் அவள் வாயையே பார்த்தான். அவள் இருட்டில் எதையும் சாப்பிடுகிறவள் இல்லை என்பது அந்தக் கலங்கிய மண்டையின் எந்த மூலையில் இருந்ததோ, அது அசைந்தது. "நீயா?" என்றான்.

"நான்தான். ஆ காட்டுங்க."

வாய் திறந்தது. ஒரு ஸ்பூன். இன்னொரு ஸ்பூன். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விரலால் தேய்த்தாள். விழுங்குகிறானா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ள போச்சாடி?" என்றாள் அம்மா. "உள்ள போச்சா?"

"போவுதும்மா."

அம்மா வெல்லத்தைக் கரைத்துக் கொண்டுவர ஓடினாள். அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த நேரம்தான் ஜினப்பிரியாவுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அவன் மூச்சை எண்ணாமல் இருக்க முயன்று தோற்றாள். டிவியில் யாரும் ஓட்டாத நாலு வீரர்களையும் சேற்றரக்கி ஒவ்வொருவராக வந்து கொன்றுபோட்டாள். கடைசிக் கட்டம் கறுத்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரசாந்த் கண்ணைச் சுளித்தான். "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றான். மணிமொழி அப்போதுதான் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

108 வந்து அழைத்துக்கொண்டு போயிற்று. கோமதேஷ் கூடவே ஏறிக்கொண்டான். வண்டி போனபின் அம்மா ஜினப்பிரியாவிடம், "வாயைக் கொப்புளிச்சிக்கோ" என்றாள். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், "காலையில கோயிலுக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிடு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் கொட்டிய சர்க்கரையைக் கூட்டப் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிரசாந்த் நேரே தளவானூருக்குப் போய்விட்டான். போனை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். மருந்து வாங்கவும் கடைக்கு வரவில்லை. திண்டிவனத்தில் வாங்குகிறான் போலிருக்கிறது. வாங்குகிறானா என்பதே தெரியாமல் அவள் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தாள்.

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் கோமதேஷ் ஒரு நாள்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

கோமதேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஈஸில வெச்சிருப்பேன்" என்றான்.

"அதுக்குத்தான் அவரு வாயே தெறக்கல."

அன்று மத்தியானம் அவள் காகிதத்தை எடுத்தாள். கோமதேஷ் கட்டிலில், மணிமொழி மூட்டையில். அரக்கியின் பலத்தைப் பாதியாக்கிவிட்டதாக எழுதச் சொன்னான் அண்ணன். அவள் மறுத்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி போடச் சொன்னான். அதற்கும் மறுத்தாள். "அப்ப இன்னாதான் எழுதப் போற?" என்றவன், அவள் எழுதுவதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, கம்மென்று உட்கார்ந்துகொண்டான்.

அனுப்புநர், பெறுநர் எழுதிவிட்டு, பொருள்: புதிய ஆட்டம் தொடங்குதல் தொடர்பாக என்று போட்டாள்.

"அன்புள்ள பிரசாந்தண்ணா, பழைய ஆட்டம் அழிந்துவிட்டது. அதை நீங்கள் அழிக்கவில்லை, நான்தான் முதலில் சாப்பிட்டேன். வரும் ஞாயிறு ஊர் எல்லையிலிருந்து மறுபடியும் தொடங்குகிறோம். கேமில் இருட்டிய பின் ரொட்டி இல்லை என்ற விதி அப்படியே இருக்கிறது. ஈஸியில் வைக்கப்பட மாட்டாது. அறைக்குள் அந்த விதி கிடையாது. எவர்சில்வர் டப்பா உங்கள் நாற்காலிக்குக் கீழேயே இருக்கும். சாப்பிட்டீர்களா என்று யார் கேட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்; பொய் சொன்னவரின் வீரன் அந்த இடத்திலேயே செத்ததாகக் கணக்கு. நான் சொல்லிவிட்டேன். மறுபடியும் அப்படி நடந்தால் மறுபடியும் சொல்லுவேன். இப்படிக்கு, ஜினப்பிரியா."

"என் கடலை மிட்டாயைத் தின்னுடப் போறாரு, அதையும் ஒரு வரி எழுதுடி" என்றாள் மணிமொழி. ஓரத்தில் எழுதினாள்.

மடித்து உறைக்குள் வைத்தாள். பசை காய்ந்து கிடந்தது. கீழே போய் மத்தியானச் சோற்றிலிருந்து நாலு பருக்கையை எடுத்துவந்து நசுக்கித் தேய்த்து ஒட்டினாள். ஸ்டாம்பு ஒட்டினாள். உறைமேல் முகவரியை மறுபடியும் ஒரு தரம் படித்தாள்.

தெருமுனைத் தபால் பெட்டியில் பாதிக்கு மேல் நுழைத்தபின்னும் அவள் விரல் உறையின் ஓரத்தை விடவில்லை. அந்தக் கடைசி இரண்டு வரியைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவானோ? வராமலே போய்விடுவானோ? அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா? வெயில் இன்னும் இருந்தது. ராஜகிரி உச்சி பளிச்சென்று தெரிந்தது.

விரலை எடுத்தாள். உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. இனிமேல் அதை யாரும் திருத்த முடியாது.